ஹாஸ்டலோட சேர்ந்த தடகள அகாடமி, பையன 9 மாசம் விட்டுப் பாத்துட்டு எழுதறேன் (5க்கு 2 ஸ்டார்)

முதல்லயே சொல்லிடறேன், அகாடமி பேர இதுல போடல. அங்க இன்னும் நாப்பது பசங்க தங்கியிருக்காங்க, அதுல பாதிப்பேரு போட்டிக்கு தயாராகிட்டு இருக்காங்க, நான் பேர போட்டு அவங்க மேல ஒரு சந்தேகக் கண்ணு விழ வேணாம். திருச்சியிலேருந்து பஸ்ல மூணு மணி நேரம், ஒரு காலேஜ் கிரவுண்ட வாடகைக்கு எடுத்து நடத்துறாங்க, அவ்ளோதான் சொல்லுவேன். ஆனா இந்த மாதிரி இடம் இப்ப எல்லா மாவட்டத்துலயும் வந்துருச்சு, அதனால பிள்ளைய எங்க சேக்கப் போறவங்களா இருந்தாலும் கொஞ்சம் பொறுமையா படிங்க, பெருசாத்தான் எழுதியிருக்கேன்.

நான் பார்மசிஸ்ட். டி.பார்ம் முடிச்சு 18 வருஷமா மெடிக்கல்ஸ் கவுன்ட்டர்ல நிக்கிறேன். பையனுக்கு 16 வயசு, 400 மீட்டர் ஓடுவான், ஸ்கூல் பி.டி. சார்தான் எட்டாவதுலயே கண்டுபிடிச்சு ஓட விட்டாரு. ஸோனல்ல ஜெயிச்சதும் எல்லாரும் நல்ல கோச்சிங் போட்டா எங்கயோ போயிடுவான்னு சொல்ல சொல்ல எங்களுக்கும் ஆசை வந்துருச்சு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு, அரசு வேலையில 3 சதவீதம்னு வீட்டுக்காரரு ஒரு கணக்கு போட்டு வெச்சிருந்தாரு. அட்மிஷனுக்கு 20,000, மாசம் 13,500 சாப்பாடு தங்கறது எல்லாம் சேத்து. போன ஜூன்ல கொண்டுபோய் விட்டோம்.

நல்லது இருக்கறத மறைக்க மாட்டேன். பயிற்சி நிஜமாவே நல்லா இருந்துச்சு. காலையில 5:15க்கு கிரவுண்ட்ல நிக்கணும், லேட்டா வந்தா வார்ம்-அப் கெடையாது வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க, அந்த ஒழுங்கு எனக்குப் பிடிச்சுது. வளைவுல எப்படி ஓடணும், முதல் 200ஐ எத்தன செகண்ட்ல விடணும், கடைசி 80 மீட்டர்ல கை எறங்காம எப்படிப் பிடிக்கணும்னு மாஸ்டர் ஒவ்வொருத்தனையும் தனியா நிக்க வெச்சு சொல்லிக்குடுப்பாரு. 54.6ல போனவன் தீபாவளிக்கு முன்னாடியே 52.3 ஓடுனான். சாப்பாடும் குறை சொல்ல முடியாது, முட்ட, கேழ்வரகு கஞ்சி, வாரத்துல மூணு நாள் கோழி, பாத்ரூம் சுத்தமா இருக்கும், பொண்ணுங்களுக்கு தனி பில்டிங், தனி வார்டன். இந்த ரெண்டு ஸ்டார் அதுக்குத்தான்.

தீபாவளிக்கு வந்தான். பையில அழுக்குத் துணிய எடுத்து ஊற வைக்கலாம்னு பாத்தா ஒரு பெரிய டப்பா, அது கூட ஒரு ஜிப் கவர்ல வெளிர் ரோஸ் கலர்ல சின்னச் சின்ன மாத்திரை, எண்ணிப் பாத்தேன் 22 இருந்துச்சு. டப்பா மேல சிங்கம் படம் போட்டிருந்துச்சு, பேச் நம்பர் கெடையாது, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு போடற எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க நம்பர் கெடையாது, யாரு தயாரிச்சதுன்னு கெடையாது, உள்ள என்ன இருக்குன்ற இடத்துல ஏதோ ‘பிளெண்ட்’னு மட்டும் போட்டிருந்துச்சு. மாசா மாசம் பில்லுல ‘நியூட்ரிஷன் 3,200’னு ஒரு தனி வரி வரும், நான் அத பாதாம் பிஸ்தான்னு நெனச்சு கட்டிட்டு இருந்திருக்கேன். என்னடா இதுன்னு கேட்டா, "மாஸ்டர் குடுத்தாரும்மா, ஓடி முடிச்சதும் ரெக்கவரிக்கு, எல்லாரும்தான் போடறோம்"னு சாதாரணமா சொல்றான்.

எங்க கடையில ஒருத்தருக்கு ரெண்டு மாத்திரை வெட்டிக் குடுத்தாக்கூட பேரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கற பக்கத்த கடைசி வரைக்கும் வெட்டாம வெச்சுக்குவோம், கேட்டா காட்டணும்ல. எந்த மாத்திரைக்கும் ஒரு அட்டை உண்டு, அட்டையில ஒரு பேரு உண்டு. வளர்ற பிள்ளைக்கு அட்டையே இல்லாம மாத்திரை குடுக்கறத என் வாழ்க்கையில அன்னைக்குத்தான் பாத்தேன். உடனே மாஸ்டருக்கு போன் போட்டேன். "மேடம் அது வைட்டமின்தான், டெல்லியிலேருந்து வரவழைக்கிறோம், நம்ம சீனியர் பசங்க எல்லாம் அதான் எடுக்கறாங்க"ன்னாரு. சார் உள்ள இருக்கற மருந்து பேரு சொல்லுங்கன்னு கேட்டேன். அவருக்குத் தெரியல. மழுப்புறாருன்னு முதல்ல நெனச்சேன், ஆனா பேசப் பேசப் புரிஞ்சுது, நிஜமாவே அவருக்குத் தெரியாது. எனக்கு வயித்தக் கலக்குனதே அப்பதான்.

அது ஸ்டீராய்டு, அதாவது தசைய ஏத்தறதுக்குப் போடற, விளையாட்டுல தடை பண்ண மருந்துன்னு நான் சொல்லல, நல்லா கவனிங்க. அது என்னன்னு அந்த கேம்பஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா நாப்பது பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிட்டு இருக்கு, என் கம்ப்ளைண்ட் அதுதான்.

ஏன் இவ்ளோ பயப்படறேன்னா, ஜெர்மனியில கொலோன் நகரத்துல ஊக்கமருந்து டெஸ்ட் பண்ற லேப் 2000லயும் 2001லயும் 13 நாட்டுலேருந்து 634 சப்ளிமெண்ட் வாங்கி டெஸ்ட் பண்ணாங்க. அதுல 94 டப்பாவுல லேபிள்ல போடாத ஸ்டீராய்டு இருந்துச்சு, கிட்டத்தட்ட 15 சதவீதம். அதுவும் கடையில பேரோட, லேபிளோட வித்த சரக்கு. பழைய ஆய்வுதான், ஆனா பேரே இல்லாத டப்பாவ இன்னைக்கு கையில வெச்சிருக்கறவ எந்த தைரியத்துல அது சுத்தமா இருக்கும்னு நம்பறது?

நம்ம நாட்டுல நடந்ததே இருக்கு. 2010ல காமன்வெல்த்லயும் ஆசிய விளையாட்டுலயும் தங்கம் ஜெயிச்ச நம்ம 4x400 பெண்கள் ரிலே டீம், தீபாவளி மாதிரி கொண்டாடுனோம். அடுத்த வருஷமே அந்த டீம்ல மூணு பேரு உட்பட ஆறு பொண்ணுங்க ஸ்டீராய்டுல மாட்டுனாங்க. கோச் சீனாவுலேருந்து வாங்கிட்டு வந்த ஜின்செங்லதான் அது வந்திருக்கும்னு சொன்னாங்க. கோச்ச வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, ஆனா தடை வந்தது ஓடுன பொண்ணுங்களுக்கு, முதல்ல ஒரு வருஷம், அப்புறம் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அத ரெண்டு வருஷமாக்கிருச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் அப்படியே கைய விட்டுப் போச்சு.

எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு கோமதி மாரிமுத்து பேர சொன்னாலே நெஞ்சு அடைக்கும். முடிகண்டத்துல இருந்து போயி 2019 ஏப்ரல்ல தோஹாவுல ஆசிய சாம்பியன்ஷிப் 800 மீட்டர்ல 2:02.70 ஓடி தங்கம், அன்னைக்கு எங்க கடைக்கு வந்தவங்க எல்லாரும் அதத்தான் பேசுனாங்க, என் பையன் ஓட்டத்த ஓட்டம்னு நெனைக்க ஆரம்பிச்சதே அந்த வருஷம்தான். அப்புறம் நாண்ட்ரோலோன்ங்கற ஸ்டீராய்டு இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, 4 வருஷத் தடை, மெடல திருப்பி எடுத்தாச்சு. தான் எதையும் எடுக்கலன்னு அவங்க சொன்னாங்க. உண்மை என்னன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா கொண்டாடுன ஊருல எத்தன பேரு அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போயிருப்போம்? அந்த பொண்ண சுத்தி கோச்சு, கேம்ப்பு, டாக்டருன்னு இருந்த யாரோட பேரும் நமக்கு ஞாபகம் இல்ல, அவ பேரு மட்டும் ஞாபகம் இருக்கு.

ஊக்கமருந்து விஷயத்துல சட்டம் அப்படித்தான். உன் சாம்பிள்ல இருந்துச்சா, நீதான் பொறுப்பு, எப்படி உள்ள போச்சுங்கறத அப்புறம் நீயே நிரூபிச்சுக்கோ. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ள மாட்டுனா கூட இருக்கற பெரியவங்களையும் கட்டாயம் விசாரிக்கணும்னு வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) விதியில இருக்கு, இருந்தாலும் கடைசியில பாருங்க. ரஷ்யாவுல ஐஸ் ஸ்கேட்டிங் பண்ற கமிலா வாலியேவா, 15 வயசு, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் நடக்கறப்பவே மாட்டுன பொண்ணு. அவ சாம்பிள்ல இருந்தது டிரைமெட்டாஸிடின். அந்தப் பேரப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அது எங்க கடையில நெஞ்சுவலி உள்ள தாத்தா பாட்டிங்களுக்கு தினம் எடுத்துக் குடுக்கற மாத்திரை. 15 வயசுப் புள்ள உடம்புல அதுக்கு என்ன வேல? தாத்தா மாத்திரை தெரியாம கலந்துருச்சுன்னு வாதாடுனாங்க, எடுபடல, 2024 ஜனவரியில 4 வருஷத் தடைன்னு தீர்ப்பு வந்துச்சு. தடை அவளுக்கு மட்டும்தான், கோச்சுக்கு ஒண்ணும் வரல. பெத்தவளா இத என்னால சாதாரணமா கடந்து போக முடியல.

இன்னொன்னு, இது அகாடமிக்கு சம்பந்தம் இல்ல, ஆனா ஓடற பிள்ளைய வெச்சிருக்கற எல்லாருக்கும் சொல்றேன். அதே தீபாவளிக்கு பையனுக்கு இருமல், கடையிலேருந்து வழக்கமா குடுக்கற சிரப் ஒண்ண எடுத்து மூடியத் தொறந்துட்டேன். டெர்பியூட்டலின் கலந்தது. நம்ம ஊர்ல சளிக்கு குடுக்கற சிரப்புல அது ரொம்ப சாதாரணம், ஆனா விளையாட்டுல போட்டி இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்குத் தடைதான். 18 வருஷ அனுபவம் இருக்கற எனக்கே அந்த நேரத்துக்கு தோணல, மேல படிச்சுப் பாத்துட்டுத்தான் திருப்பி வெச்சேன். அதனால டாக்டர்ட்ட போனா பையன் போட்டியில ஓடறவன்னு மொதல்ல சொல்லுங்க, நாடாவோட (நம்ம நாட்டு ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) ‘நோ யுவர் மெடிசின்’ ஆப்ல மருந்து பேரப் போட்டுப் பாருங்க. ஆனா அதுக்கு பேரு தெரிஞ்சிருக்கணும், ஜிப் கவர் மாத்திரைய எந்த ஆப்ல போய் தேடறது?

சரி, அகாடமிக்கு வர்றேன். தீபாவளி முடிஞ்சு மாத்திரையையும் டப்பாவையும் வாங்கி வெச்சுக்கிட்டு, எதுவும் குடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் திருப்பி அனுப்பினோம். அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். இவருதான் 52.3 ஓடியிருக்கான், நடுவுல நிறுத்தினா வீணாப் போயிடும்னாரு, நானும் ஒத்துக்கிட்டேன்.

ஜனவரியில போய்ப் பாத்தப்ப, ஆம்பளப் பசங்க பாத்ரூம் பின்னாடி குப்பையில சிரிஞ்சு கெடந்துச்சு. கூடவே உடைஞ்ச ஊசி மருந்து பாட்டில் ஒண்ணு, லேபிள் பாதி இருந்துச்சு, மெஃபென்டர்மின். இது ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து குடுத்தப்ப பிரஷர் எறங்கிப்போனா ஏத்தறதுக்குப் போடற ஊசி. ஜிம்முக்குப் போற பசங்க கொஞ்ச வருஷமா கவுன்ட்டர்ல வந்து இதக் கேக்கறாங்க, சீட்டு இல்லாம தர மாட்டேன்னு நான் எத்தன பேர திருப்பி அனுப்பியிருக்கேன்னு எனக்கே தெரியாது. போட்டா களைப்பு தெரியாது, இதயம் படபடன்னு அடிக்கும், பழகிட்டா விட முடியாது. யாரு போட்டதுன்னு கேட்டா வார்டனுக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது, காலேஜ் பசங்க போட்டிருப்பாங்கன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. இருக்கலாம். ஆனா விசாரிக்கக்கூட இல்லயே.

2023 செப்டம்பர்ல டெல்லியில ஸ்டேட் மீட்ல நடந்தத படிச்சிருப்பீங்க. நாடா அதிகாரிங்க வந்துருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு கிளம்பிட்டாங்க, ஆம்பளைங்க 100 மீட்டர் ஃபைனல்ல ஒரே ஒருத்தர் மட்டும் தனியா ஓடுனாரு. ஸ்டீபிள்சேஸ் ஓடுன ஒரு ஜூனியர் பொண்ணு ஃபினிஷ் லைன தாண்டியும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்க, சாம்பிள் எடுக்கறவங்க பின்னாடியே ஓடுனாங்களாம். ஸ்டேடியம் பாத்ரூம்ல சிரிஞ்சு கெடந்த வீடியோ வந்துச்சு. அன்னைக்கு அத டெல்லி சமாச்சாரம்னு நெனச்சேன். வாடா கணக்குல 2023ல இந்தியாவுல 5,606 சாம்பிள் எடுத்து 213 பாசிட்டிவ், 2024ல 7,113 எடுத்து 260, நெறைய டெஸ்ட் பண்ற நாடுங்கள்ல நம்ம சதவீதம்தான் உச்சியில. அந்த 260லயும் எத்தனையோ பேரு இந்த மாதிரி ஒரு ஹாஸ்டல்லேருந்து வந்தவங்களா இருப்பாங்கன்னு இப்ப நெனச்சா தூக்கம் வரல.

கடைசியா நான் கூட்டிட்டு வந்தது மாத்திரைக்காக இல்ல, அடிக்காக.

பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழம சொல்லாம கொள்ளாம போனேன். பையன் முழு பேன்ட் போட்டுட்டு கிரவுண்ட்ல நிக்கிறான், அந்த வெயில்ல. என்னடான்னு கேட்டா குளிருதுங்கறான். ரூமுக்கு கூட்டிட்டுப் போயி பேன்ட தூக்கிப் பாத்தா ரெண்டு கெண்டைக்கால்லயும் வரி வரியா. தோட்டத்து ஹோஸ் பைப்ப வெட்டி வெச்சிருக்காரு மாஸ்டர், 300 மீட்டர் ரிப்பீட்ல சொன்ன டைம்க்கு மேல எத்தன செகண்ட் போகுதோ அத்தன அடி. அவன் அன்னைக்கு நாலு வாங்கியிருக்கான். ஏண்டா போன்ல சொல்லலன்னா, "சொன்னா நீ கூட்டிட்டுப் போயிடுவம்மா, எனக்கு ஓடணும்"னான். எனக்கு அழுகைய அடக்க முடியல. பிள்ளைங்க ஓட்டத்து மேல வெச்சிருக்கற ஆசைதான் அந்த பைப்புக்கு தைரியம் குடுக்குது.

அங்க இருந்த வேற ஒரு பையனோட அப்பா என்கிட்ட, "நாமெல்லாம் அடி வாங்கித்தானேங்க வளந்தோம், அடிச்சாதான் டைம் எறங்கும்"னாரு. நல்ல மனுஷன், கெட்ட எண்ணத்துல சொல்லல. அவருக்கு தென்கொரியாவுல நடந்தத சொன்னேன். சோய் சுக்-ஹியோன்னு ஒரு டிரையத்லான் வீராங்கனை, 22 வயசு. கோச்சு, டீம்ல டாக்டர்னு சொல்லிக்கிட்டு இருந்த ஆளு, எல்லாரும் அடிப்பாங்க, தண்டனைன்னு சொல்லி அந்த ஊரு காசு ரெண்டு லட்சம் வான்னுக்கு பிரெட் வாங்கி வாந்தி எடுக்கற வரைக்கும் திங்க வெச்சிருக்காங்க. அந்த பொண்ணு எல்லா ஆபீஸ்லயும் கம்ப்ளைண்ட் குடுத்தா, யாரும் நேரத்துக்கு அசையல. 2020 ஜூன்ல தற்கொலை பண்ணிக்கிட்டா. கடைசியா அவ அம்மாவுக்கு அனுப்புன மெசேஜ்ல அவங்க செஞ்ச பாவத்த வெளிய சொல்லும்மான்னு கேட்டிருந்தா. அதுக்கப்புறம்தான் கோச் ஜெயிலுக்குப் போனாரு. அந்த அப்பா ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு பையனக் கூப்பிட்டு கால காட்டுடான்னாரு.

மாஸ்டர்கிட்ட நேரா கேட்டேன். "மேடம் நான் என் பிள்ளையா நெனச்சுத்தான் அடிக்கிறேன்"னாரு. சார், சொந்தப் பிள்ளையா இருந்தாலும் ஹோஸ் பைப்பால அடிச்சா அது குத்தம்தான், குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணா வருவாங்கன்னு சொல்லிட்டு அன்னைக்கு சாயங்காலமே துணிமணி எடுத்துட்டு கிளம்பிட்டோம். அந்த வாரமே 1098க்கு பேசி விவரம் குடுத்திருக்கேன்.

இன்னொரு விஷயமும் நடந்துச்சு, சுருக்கமா சொல்றேன். டிசம்பர்ல ஆபீஸ்லேருந்து பர்த் சர்டிபிகேட்ல ஒன்றரை வருஷம் கம்மி பண்ண ‘ஏற்பாடு இருக்கு’ன்னாங்க, சின்ன வயசுப் பிரிவுல ஓடுனா மெடல் நிச்சயமாம். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாக்கறாங்களே சார்னேன், அதெல்லாம் பாத்துக்கலாம்னாங்க. முடியாதுன்னுட்டேன். அந்தப் பிரிவுல நேர்மையா வயசு உள்ள ஒரு பையன் நாலாவதா வந்து அழுதுட்டுப் போவான்ல, அவனும் ஒருத்தி பெத்த பிள்ளதான.

ஃபீஸ்ல மீதி ரெண்டு மாசத்துக்கு கட்டுனது திரும்ப வரல. கேட்டா ரசீதுல ‘நான்-ரிஃபண்டபிள்’னு போட்டிருக்குங்கறாங்க. பணம் போனது பெருசா தெரியல. பையனுக்கு ரத்தம், லிவர் டெஸ்ட் எல்லாம் எடுத்தோம், லிவர் பாதிப்ப காட்டற எஸ்ஜிபிடி அளவு கொஞ்சம் கூட இருந்துச்சு, ஆறு வாரத்துல எறங்கிருச்சு. மாத்திரையாலயா கடும் பயிற்சியாலயான்னு டாக்டரால சொல்ல முடியல, என்ன போட்டான்னே தெரியாதப்ப அவரு எப்படி சொல்லுவாரு. ஒருவேள ஸ்டீராய்டா இருந்து இன்னும் ஒரு வருஷம் போட்டிருந்தா இந்த வயசுல எலும்பு நுனி சீக்கிரம் மூடி உயரமே நின்னுருக்கும்.

இப்ப திரும்ப பழைய பி.டி. சார்கிட்டயே காலையில போறான். மண்ணு கிரவுண்டு, ஸ்டார்ட்டிங் பிளாக் கெடையாது, மழை பேஞ்சா ரெண்டு நாள் லீவு. 53.4 ஓடறான். ஒரு மாசம் மொகத்த தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருந்தான், 52.3 ஓடுனது நான் ஓடுனதா மாத்திரை ஓடுனதாம்மான்னு ஒரு நாள் ராத்திரி கேட்டான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அந்தக் கேள்விய என் பிள்ள மனசுல போட்டதுக்குத்தான் அந்த அகாடமிய என்னால மன்னிக்க முடியல, மத்த எதுக்கும் கூட ஒரு சமாதானம் சொல்லிக்கலாம்.

சேக்கறதா இருந்தா போற அன்னைக்கே பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கறீங்கன்னு டப்பாவையே எடுத்து காட்டச் சொல்லுங்க, போட்டோ எடுத்துக்கோங்க, தயாரிச்ச ஒவ்வொரு பேட்ச்சையும் டெஸ்ட் பண்ண ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ மார்க் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வேணாம்னு எழுத்துல குடுங்க. முட்டையும் கடலையும் பாலும் போதும் இந்த வயசுக்கு. சொல்லாம போய்ப் பாக்கலாமான்னு கேளுங்க, மூஞ்சி மாறுனா திரும்பிடுங்க. பிள்ளைக்கு தனியா போன் பேச விடறாங்களான்னு பாருங்க, எங்க பையனுக்கு வாரத்துல ஒரு தடவ, அதுவும் வார்டன் ரூம்ல ஸ்பீக்கர்ல. அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும்.

டப்பாவும் அந்த 22 மாத்திரையும் கவர் பிரிக்காம அப்படியே எங்கிட்ட இருக்கு. அங்க படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா யாராவது இதப் படிச்சு, நம்ம பிள்ளை பையிலயும் இதே மாதிரி இருக்கேன்னு சந்தேகம் வந்தா கேளுங்க, காட்டறேன், கூட வந்து கம்ப்ளைண்ட் எழுதவும் வர்றேன்.